தற்காலிகம்

"செமெந்தாரா, தற்காலிகந்தான்," என்றார் டாக்டர் அஸ்லினா.
சிரம்பான் ஆஸ்பத்திரிக் காகிதத்தில்
குடலை வரைந்து, ஓரிடத்தில் வெட்டி, ஒட்டி,
ஒட்டிய இடத்தைப் பேனாவால் இரண்டு முறை தட்டினார்.
இது ஆறும்வரை இந்தச் சடக்கில் எதுவும் ஓடக்கூடாது.

எனக்குப் புரிகிற மொழிதான்.
பஹாவ் எண்ணெய் ஆலையின் எடைமேடைக் கிராணி நான்.
தார் காயும்வரை ஆரஞ்சுப் பலகை வைப்பார்கள்:
லென்சோங்கான். சுற்றிப் போ.
அப்படி ஒரு சுற்றுவழி
என் தொப்புளுக்கு வலப்புறம்.

ஆனால் எங்களூரில் தற்காலிகம் நீளமான சொல்.
வெள்ளத்துக்குப் பிறகு பதினோராம் மைலில் போட்ட
தற்காலிக இரும்புப் பாலத்தில்
நான் பள்ளிக்கூடம் போனேன்.
என் மகனும் போனான்.
இதைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.
"சிலருக்கு மூட முடியாமலே போவதுண்டு.
அதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கவேண்டும்."

கன்னத்தின் உட்புறம் போலச் சிவப்பு. ஈரம்.
தொட்டேன். அதற்குத் தெரியவில்லை.
என் விரலுக்கு மட்டும் தெரிந்தது.

மிஸ்ஸி நோர்லேலா அட்டையில் ஓட்டை வெட்டக் கற்றுக்கொடுத்தாள்.
பெரிதாய் வெட்டினால் தோல் வேகும்,
சின்னதாய் வெட்டினால் குடல் நெரியும்.
ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை கணக்கு.
செம்பனைக் குலை லோரி பத்துக் கிலோ முன்பின் காட்டினால்
நானே விட்டுவிடுவேன்.

என்சிக் ஹாஃபிஸ் மாதக் கணக்குப் பார்க்க வந்த அன்று
அறை அடங்கியிருந்த ஒரே ஒரு நொடியில்
அது முணுமுணுத்தது. நீளமாக.
நான் நிமிர்ந்து மின்விசிறியை முறைத்தேன்.
அவரும் முறைத்தார்.
மறுநாள் புது விசிறி வந்தது.

பிப்ரவரியில் மழையே இல்லை.
குடித்ததெல்லாம் பைக்குப் போனது.
பை நிறைந்தது, நான் காய்ந்தேன்.
வாசலில் ஏழு லோரி நிற்க
திரையில் எண்கள் இரண்டிரண்டாய்த் தெரிந்தன.
ரஃபிக்குல் என்னை நாற்காலியோடு சேர்த்துப் பிடித்தான்.
சிறுநீரகம் பயந்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் டிரிப்.
வெறும் தண்ணீர் போதாதாம்: உப்பும் சர்க்கரையும் கலந்து,
கெட்டியாக்கும் மாத்திரை நேரம் தவறாமல்.
காப்பாற்ற வைத்த வழி
ஆளையே வற்றவைக்கப் பார்த்தது.

வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அழுதேன்.

பிறகு மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள்.
ஒட்டிய இடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வடு.
"இங்கே கசிந்திருக்கிறது," என்றார் டாக்டர்,
"தானே ஆறியும் இருக்கிறது."
எந்த நாளில்?
நான் மீ கோரிங் சாப்பிட்ட நாளிலா,
விசிறியை முறைத்த நாளிலா?
அந்தப் பக்கம் சரக்கு ஓடியிருந்தால்
வயிறெல்லாம் விஷமாகியிருக்கும்.
எனக்குத் தெரியாமல் எனக்குள் ஒரு பாதை பழுதாகி
எனக்குத் தெரியாமலே சரியாகியிருக்கிறது.

நிறைந்து வரும் எடை, காலியாய்ப் போகும் எடை.
கழித்தால் சரக்கு.
முப்பது வருஷமாய்ச் செய்கிற கணக்கு.
இதை மட்டும் அப்படிக் கழித்துப் பார்த்தேன்,
டிக்கெட் அச்சாகவில்லை.

மூட நாள் குறித்தாயிற்று, அடுத்த மாதம் ஒன்பது.
மூடிய பிறகு
நாளுக்குப் பத்துத் தடவை ஓடவேண்டி வரலாம்,
சில நாள் போய்ச்சேர முடியாமலும் போகலாம்,
மாதங்கள் ஆகும், முழுதாய்ப் பழையபடி வருமா தெரியாது.
எல்லாம் சொன்னார். எல்லாவற்றுக்கும் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் சூசை
டிவியில் பேட்மிண்டன் பார்த்துக்கொண்டே
வாரத்துக்கு வேண்டிய அட்டைகளை வெட்டிவைப்பார்.
என்னைவிட அவருக்கு வட்டம் சுத்தமாய் வரும்.
இன்றைக்கும் வெட்டுகிறார், குவிந்துவிட்டது.
இத்தனை எதற்கு, இன்னும் மூன்று வாரந்தானே என்றேன்.

கத்தரியை நிறுத்தவில்லை.
"கெடக்கட்டும்," என்றார்.